படகைத் திருப்பினாள்

கணவன் தண்ணீரில் விழுந்தபோது படகை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது. ஸ்டியரிங் இருந்தது. பக்கத்தில் ஒரு கறுப்புப் பிடி இருந்தது. சாவி இருந்தது. சாவிக்குக் கீழே சுருள் சுருளாகச் சிவப்புக் கயிறு ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இதில் எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. "நீ பேசாம உட்காரு, காத்து வாங்கு" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

கணவன் ஒரு கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடி மறுகையால் ஸ்டியரிங்கை ஒரே வெட்டாக வெட்டினான். படகு சாய்ந்தது. அவன் நின்ற இடம் காலியானது. படகு மட்டும் நிற்கவில்லை. ஓட்ட ஆளில்லாமல் தானே ஒரு பெரிய வட்டம் போட்டு, விழுந்தவனை நோக்கியே திரும்பி வந்தது. பின் இருக்கையில் மாமியார் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தும்மா, நிறுத்தும்மா!" என்று கத்தினார். தண்ணீருக்கு மேலே கணவனின் தலை தெரிந்தது. வாய் அசைந்தது. எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

தள்ளி ஒரு தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று, வெறுங்கையைத் திருகிக் காட்டி, "சாவி! சாவி!" என்று கூவினார். அவள் பாய்ந்து சாவியைத் திருகினாள். எஞ்சின் அடங்கியது. ஆனாலும் படகு வழுக்கிக்கொண்டே போய், கணவனின் தோளிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவனைக் கடந்தது.

அவனைப் பிடித்து மேலே இழுப்பதற்குள் மாமியாருக்கும் மருமகளுக்கும் மூச்சு வாங்கிவிட்டது. ஏறி உட்கார்ந்து, தண்ணீரைத் துப்பிவிட்டு, அவன் சொன்ன முதல் வார்த்தை: "செல்போன் போச்சு."

அதோடு முடிந்திருந்தால் அவளும் பயந்ததைப் பயந்ததாக விட்டிருப்பாள். அடுத்த வாரம் கணவனின் நண்பர் வீட்டில் விருந்து. சாப்பாட்டு மேசையில் அவன் கதையை எடுத்தான். டைல்ஸ் கடை வைத்திருப்பவன். வாடிக்கையாளரை மயக்கும் பேச்சு அவனுக்குக் கைவந்த கலை.

"என் பொண்டாட்டி என்னைப் படகை ஏத்திக் கொல்லப் பார்த்தா, தெரியுமா? நான் தண்ணியில கிடக்கறேன். இவ ஸ்டியரிங்கைப் பிடிச்சு நேரா என் தலைக்கே குறி வெச்சு விடறா! கல்யாணமாகி இத்தனை வருஷத்துக் கோபத்தையும் ஒரே நாள்ல தீர்த்துக்கலாம்னு நினைச்சிருக்கா."

மேசையே குலுங்கிச் சிரித்தது. ஒருவருக்குப் புரையேறிவிட்டது. அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்ல" என்றாள். "தொடத் தெரிஞ்சிருந்தா நீங்க இன்னும் சீக்கிரம் மேல வந்திருப்பீங்க."

"சரி சரி, சும்மா தமாஷுக்குச் சொன்னேன்."

"நான் தமாஷுக்குச் சொல்லல. நான் படகு ஓட்டக் கத்துக்கப்போறேன்."

மறுபடியும் சிரிப்பு. "அப்ப ஏரியில இருக்கற மீனையெல்லாம் கரையேறச் சொல்லணும்" என்றார் நண்பர். சிரிப்பு அடங்குவதற்குள் மேசையின் கோடியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"என் பேரையும் சேர்த்துக் கொடுத்துடும்மா."

"அம்மா, உனக்கு முட்டி வலி" என்றான் கணவன்.

"ஸ்டியரிங்கை என்ன முட்டியாலயா பிடிக்கறாங்க?"

மாமியார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்தில் கத்துகிறவர்கள், அழுகிறவர்கள், குடித்துவிட்டு உளறுகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகியவர். அந்தக் குரலில் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் மகனுக்கு அதற்கு மேல் பேச்சு எழாது.

அவள் வேலை பார்ப்பது பல்செட் செய்யும் கூடத்தில். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, யாருடைய வாய்க்கோ பொருந்த வேண்டிய பற்களை மெழுகில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சரிபார்க்கும் வேலை. கொஞ்சம் கூடினால் கடிக்க வராது, கொஞ்சம் குறைந்தால் ஆடும். அங்கே அவசரப்பட்டு யாரும் எதையும் சாதித்ததில்லை. ஆனால் மேசையில் இருக்கும் மெழுகு நகராது. தண்ணீர் அப்படியில்லை என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துபோயிற்று.

பயிற்சி நிலையம் என்பது ஏரியின் மறுகரையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெட்ரோல் வாசனை, ஈரக் கயிற்றின் வாசனை, சுவரில் வரிசையாக ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள். சொல்லிக்கொடுப்பவள் சின்னப் பெண். மருமகளுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயரும் விசில்தான். அப்படிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாள்.

முதல் நாள் விசில் அவர்களைப் படகுக்குப் பக்கத்திலேயே விடவில்லை. ஜாக்கெட்டை மாட்டச் சொன்னாள். பிறகு பின்னால் வந்து, தோள்பட்டையில் இரண்டு கையையும் கொடுத்து, வெடுக்கென்று மேலே இழுத்தாள். மாமியாரின் ஜாக்கெட் காதைத் தாண்டி ஏறி, முகத்தை மூடியது.

"இப்படித்தான் தண்ணிக்குள்ளயும் ஆகும்" என்றாள் விசில். "ஜாக்கெட் மிதக்கும். நீங்க கீழ இருப்பீங்க. இடுப்புப் பட்டையை இறுக்குங்கம்மா."

"இறுக்கினா மூச்சு முட்டுதே, பொண்ணே."

"இங்க முட்டினா பரவாயில்ல."

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்து, "இவ தேறுவா" என்றார், தானே தேர்வு நடத்த வந்தவர் மாதிரி.

அந்தச் சிவப்புக் கயிறு எதற்கு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு முனை எஞ்சின் ஸ்விட்சில், மறுமுனை ஓட்டுகிறவரின் காலில். ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும். எஞ்சின் அந்த இடத்திலேயே செத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. கயிறு தொங்கியபடி அன்று படகு வட்டம் போட்டு வந்தது கண்முன் வந்தது. பயம் வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது கோபம்.

"இதை மாட்டாம ஓட்டறவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"நிறையப் பேர். நல்லா ஓட்டத் தெரியும்னு நினைக்கறவங்கதான் மாட்ட மாட்டாங்க."

அடுத்த வகுப்புகளில் ஏரி அவளைப் படாத பாடு படுத்தியது. கார் ஓட்டத் தெரிந்தவள் அவள். அந்தப் பழக்கம்தான் முதலில் குழி பறித்தது. கார் மூக்கால் திரும்பும், பின்பக்கம் அதன் பின்னால் வரும். படகு வாலால் திரும்பியது. படகுத்துறையை விட்டு விலக ஸ்டியரிங்கை ஒடித்தால், மூக்கு விலகும், வால் போய் மரப்பலகையில் மோதும். படகோரம் கட்டியிருந்த ரப்பர் பந்துகள் நசுங்கி முனகும். விசில் ஊதுவாள்.

"பிரேக் எங்க இருக்குன்னு கால் தேடுது, இல்ல?" என்றாள் விசில்.

"ஆமா."

"கிடையாது. நியூட்ரல்ல போட்டாலும் அது பாட்டுக்குப் போகும். நிக்கணும்னா முன்னாடியே நினைக்கணும்."

காற்று இன்னொரு தொல்லை. துறைக்கு நேராக வருவதாக நினைத்துக்கொண்டு வருவாள்; காற்று பக்கவாட்டில் தள்ளி, பக்கத்துப் படகின் மேல் கொண்டுபோய்ச் சாத்தும். காற்றை எதிர்த்து மூக்கை வைத்து, மெல்ல மெல்ல, கறுப்புப் பிடியை ஒரு தட்டுத் தட்டி நியூட்ரல், இன்னொரு தட்டுத் தட்டி நியூட்ரல் என்று வரவேண்டும். அவளோடு பயிற்சிக்கு வந்த ஒரு கூலிங்கிளாஸ் ஆசாமி, "லேடீஸுக்கு இதெல்லாம் எதுக்குங்க, டிரைவர் வெச்சுக்கலாமே" என்றார். சொன்ன கையோடு துறைக்கு வேகமாக வந்து, பலகையில் மோதி, கூலிங்கிளாஸைத் தண்ணீரில் விட்டார். மாமியார் கரையில் நின்று, "டிரைவர் வெச்சுக்கலாமே, தம்பி" என்றார்.

மாமியாருக்கு ஸ்டியரிங் அவ்வளவாக ஒத்துவரவில்லை. ஆனால் வயர்லெஸ் கருவியைக் கையில் கொடுத்த மாத்திரத்தில் ஆள் மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. யார், எங்கே, எத்தனை பேர், என்ன உதவி, இந்த வரிசை மாறாமல் ஒருமுறை சொன்னார். கொட்டகையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். "அம்மா, நீங்களே இதுக்கு வகுப்பு எடுங்க" என்றாள் விசில், முதல் தடவையாகச் சிரித்து.

எல்லாவற்றிலும் கஷ்டமானது மாப்பிள்ளையைக் காப்பாற்றுவது. மாப்பிள்ளை என்பது பாதிவரை தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் கேன். யாரோ அதற்குப் பழைய கட்டம்போட்ட சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். பெயர் வைத்தவர் மாமியார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விசில் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையைத் தூக்கித் தண்ணீரில் போடுவாள். உடனே கத்த வேண்டும். ஒருவர் கையை நீட்டி அவனையே காட்டிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணை எடுக்கவே கூடாது. எடுத்தால் அலைக்குள் தலை காணாமல் போய்விடும். ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்து, சுற்றி வந்து, காற்றுக்கு எதிராக அணுகி, பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

முதல் தடவை அவள் உறைந்துபோனாள். சட்டை மட்டும் தெரிந்தது. கட்டம்போட்ட சட்டை மிதந்து விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை பிடியில் ஒட்டிக்கொண்டது.

"அவர் செத்துட்டாரு" என்றாள் விசில்.

"பாவம், நல்ல மனுஷன்" என்றார் மாமியார்.

இரண்டாம் தடவை நேராக அவன் மேலேயே ஏற்றினாள். அடுத்த தடவை பக்கத்தில் வந்தாள், எஞ்சினை அணைக்க மறந்தாள். "கீழ விசிறி சுத்துது, அவர் கால் அங்கதான் இருக்கு" என்றாள் விசில். மாப்பிள்ளை அந்த வாரம் முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தான். தேர்வு நாளிலும் செத்தான். மற்றதெல்லாம் சரியாகச் செய்தாள், இதில் மட்டும் காற்றைத் தப்பாகக் கணக்கிட்டுக் கோட்டை விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "ஃபெயிலா? விடு. இப்ப அந்தப் பைத்தியம் தெளிஞ்சுது, இல்ல?"

"தெளியல. புதன்கிழமை மறுபடியும் போறேன்."

"எதுக்கு இந்த வீம்பு?"

"வீம்புதான்" என்றாள். "வெச்சுக்கோங்க."

புதன்கிழமை போனாள். அதற்கடுத்த புதன்கிழமையும் போனாள். கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பல் அச்சு ஒன்றைப் படகாகவும் அழிரப்பரை மாப்பிள்ளையாகவும் வைத்து மேசைமேல் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்து மேசைக்காரி, "உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள். மறுதேர்வு நாளில் காற்று முன்னைவிட அதிகம். விசில் மாப்பிள்ளையைப் போட்டாள். மாமியார் கையை நீட்டிக் காட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி வந்து, எஞ்சினை அணைத்து, குனிந்து, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி மடியில் போட்டாள்.

விசில் ஊதவில்லை. "சரி, கரைக்குப் போகலாம்" என்றாள். அவ்வளவுதான் பாராட்டு.

மாமியார் கேனின் தலையைத் தட்டிக்கொடுத்து, "நல்ல இடத்துல வந்து சேர்ந்தே" என்றார்.

சான்றிதழைப் பார்த்த கணவன், "காகிதம்தானே" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் படகுச் சாவி மாட்டியிருந்த ஆணியில் இல்லை. மாலையில் மாமியார் அந்தச் சாவியைக் கொண்டுவந்து தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எங்க இருந்துச்சு, அத்தை?"

"கல்யாண ஷூவுக்குள்ள. சின்ன வயசுல மிட்டாயையும் அங்கதான் ஒளிப்பான். புத்தி இன்னும் இடம் மாறல."

இப்படியாக ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரும் மருமகளும் ஏரிக்குப் போக ஆரம்பித்தார்கள். கணவன் முறைத்தான், முணுமுணுத்தான், பிறகு பழகிக்கொண்ட மாதிரி இருந்தான். கட்டட முதலாளி வரும்வரை.

புதிதாக அடுக்குமாடி கட்டுகிற பெரிய ஆள் அவர். எல்லாக் குளியலறைக்கும் டைல்ஸ் கணவனின் கடையிலிருந்து போகும் என்ற நம்பிக்கை. அவரையும் குடும்பத்தையும் ஏரியில் கூட்டிப்போய், நடுவிலுள்ள தீவில் சாப்பாடு போட்டு, மனதைக் குளிரவைப்பது திட்டம். வந்து இறங்கியவர்கள் எட்டுப் பேர். முதலாளி, மனைவி, இரண்டு சின்னப் பெண்கள், தம்பி குடும்பம். கணவனும் அவளும் சேர்ந்தால் பத்து.

"ஏறுங்க, ஏறுங்க, நெருக்கி உட்கார்ந்தா ஆச்சு" என்றான் கணவன்.

அவள் துறையில் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். "படகு ஆறு பேருக்குத்தான். பின்னாடி தகட்டுல எழுதியிருக்கு. ரெண்டு தடவையாப் போகலாம்."

"சும்மா இரு" என்றான், பல் தெரியச் சிரித்தபடி, உதடு அசையாமல். "குழந்தைங்க என்ன எடை இருக்கப்போகுது?"

"பத்துப் பேர் ஏறினா நான் கயிறை அவிழ்க்க மாட்டேன்."

"நான் அவிழ்க்கறேன்."

"அவிழ்த்துட்டு நீங்களே ஓட்டுங்க. ஆனா இவங்களுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்: படகுல உங்க ஜாக்கெட் ரெண்டுதான் இருக்கு. மத்ததெல்லாம் நான் பயிற்சி நிலையத்துல கேட்டு வாங்கிட்டு வந்தது. அது என்னோட வரும்."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் மனைவிதான் வாய் திறந்தார். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க. இவங்க சொல்ற மாதிரியே போகலாம். எனக்கு முதல்ல ஒரு ஜாக்கெட் கொடுங்க."

முதல் நடைக்கு முதலாளி, மனைவி, இரண்டு பெண்கள், கணவன், அவள். தம்பி குடும்பம் துறையில் காத்திருந்தது. மாமியார் அவர்களோடு நிழலில் நாற்காலி போட்டு, பயிற்சி நிலையத்தில் வாங்கிய வயர்லெஸ் ஜோடியில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். அவள் எல்லோருடைய தோளையும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தாள். கணவனுடையதையும். அவனும் இழுபட்டான்.

கிளம்பும்போது வெயில் நன்றாக இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. பெண்கள் இரண்டு பேரும் கையை வெளியே நீட்டிச் சிரித்தார்கள். "கை உள்ளே" என்றாள், இழுத்துக்கொண்டார்கள். முதலாளிகூட முகம் மலர்ந்து, "நல்லாத்தான் ஓட்டறீங்க" என்றார். கணவன் அந்தப் பாராட்டைத் தனக்கானது மாதிரி வாங்கிக்கொண்டான்.

பாதித் தூரம் தாண்டியபோது தூரத்துக் கரையோரம் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. கறுப்பாக ஒரு கோடு, அகலமாகிக்கொண்டே வந்தது. அதற்கு மேலே ஒரு மேகம், அப்படி ஒன்றும் பெரியதில்லை. தண்ணீர் கறுத்தால் அங்கே காற்று அடிக்கிறது என்று விசில் சொல்லிக்கொடுத்திருந்தாள். காற்று வந்தபிறகு யோசிப்பதில் பிரயோசனம் இல்லை என்றும். அவள் வேகத்தைக் குறைத்தாள். தீவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது. கரை அதைவிடத் தள்ளித்தான். ஆனால் தீவுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே ஒதுங்க இடமில்லை. திரும்பும்போது அலை பெரிதாகியிருக்கும், படகில் இரண்டு குழந்தைகள், நீச்சல் தெரியாத ஒரு பெண்.

"என்னாச்சு?" என்றான் கணவன்.

"திரும்பறேன்."

"என்னது?"

"காத்து வருது. எல்லாரும் உட்கார்ந்தபடியே கம்பியைப் பிடிச்சுக்கோங்க. மெதுவாத்தான் திருப்பப்போறேன்."

"தீவு இதோ இருக்கு!" அவன் எழுந்தான். "என் மானத்தை வாங்காதே. நகரு, நான் ஓட்டறேன்."

"உட்காருங்க."

"நகருன்னு சொல்றேன்."

"நீங்க நிக்கற வரைக்கும் படகு நகராது" என்றாள். குரல் ஏறவில்லை. மாமியாரின் குரல் தன் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி அவளுக்கே இருந்தது. பிடியை நியூட்ரலில் தள்ளி, கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டாள். படகு ஆடியது. கணவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தீவைப் பார்த்தார். முதலாளியின் மனைவி கணவனின் ஜாக்கெட் நுனியைப் பிடித்து, "உட்காருங்க, தம்பி" என்றார். உட்கார்ந்தான்.

அவள் படகிலிருந்த இன்னொரு வயர்லெஸை எடுத்தாள். "கரைக்கு. நான் திரும்பி வர்றேன்."

"கரை கேட்கிறது" என்றது மாமியாரின் குரல், ஆபீஸ் கண்டிப்போடு. "காரணம் சொல்லுங்க."

"காத்து."

"எத்தனை பேர்?"

"ஆறு பேர். எல்லாரும் நல்லா இருக்காங்க."

"சரி. காத்திருக்கேன்."

திரும்பும் வழியில் காற்று பின்னாலிருந்து வந்து பிடித்தது. கொஞ்சம் அலை எழும்பியது. முதலாளியின் சட்டை நனைந்தது, சாப்பாட்டுக் கூடை நனைந்தது. பெரிய ஆபத்து என்று சொல்ல எதுவுமில்லை. துறைக்கு வந்து ஒரு தட்டு, நியூட்ரல், இன்னொரு தட்டு, நியூட்ரல் என்று படகைச் சேர்த்துக் கட்டினாள். எல்லோரும் இறங்கி, துறையோரக் கடையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் மேகம் எங்கேயோ போய்விட்டது. வெயில் அடித்தது. ஏரி மறுபடியும் கண்ணாடியாகக் கிடந்தது. தீவு பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி தெளிவாகத் தெரிந்தது.

"மேகம் வீட்டம்மாவைப் பார்த்துப் பயந்து ஓடிடுச்சு போல" என்றார் முதலாளி. தம்பி சிரித்தார். கணவனும் சிரித்தான். இரண்டாவது நடை போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. நனைந்த சாப்பாட்டைக் காருக்குள் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கணவன் வெடித்தான்.

"சின்ன மேகம்! ஒரு சின்ன மேகத்துக்குப் பயந்து என்னை நாலு பேர் முன்னாடி முட்டாளாக்கிட்டே. என்ன நடந்துச்சு? ஒண்ணுமே நடக்கலையே!"

"ஆமா, நடக்கல."

"அப்ப நீ பண்ணினது தப்புன்னு ஒத்துக்கோ."

"ஒத்துக்க மாட்டேன். நாளைக்கு அதே மேகம் வந்தாலும் திரும்புவேன். அது போயிடும்னு நீங்க எழுதிக் கொடுத்தாலும் திரும்புவேன்."

"நான் படகை வித்துடறேன்."

"வித்துக்கோங்க. பயிற்சி நிலையத்துல வாடகைக்குப் படகு இருக்கு. எடுத்து ஓட்டுவேன்."

மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கும் சேர்த்து எடும்மா" என்றார்.

டைல்ஸ் ஆர்டர் வேறு கடைக்குப் போயிற்று. அந்த மேகம்தான் காரணமா என்பது கணவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும் உறுதியாகத் தெரியும். அதைப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கும் உள்ளே குறுகுறுத்தது. படுக்கையில் புரண்டு, அந்தக் கறுப்புக் கோட்டை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தாள். தீவுக்குப் போயிருக்கலாமோ? போயிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காதோ? ஆகியிருக்காது. இருந்தும் ஒவ்வொரு தடவை நினைத்துப் பார்த்தபோதும் அவள் கை படகைத் திருப்பியது. அதோடு அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

படகு விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தான். பார்க்க வந்த ஒரே ஆளுக்கு நிறம் பிடிக்கவில்லை. பிறகு அந்தப் பேச்சும் ஓய்ந்தது.

ஒரு சனிக்கிழமை காலை மாமியாருக்குத் தலைவலி. "நீ போயிட்டு வா" என்றார் போர்வைக்குள்ளிருந்து. "தனியா ஒருநாளாவது போக வேணாமா? என்னைக் கட்டிக்கிட்டே அழணுமா?"

காற்று இல்லை. அவள் துறைக்குப் போய், எஞ்சின் மூடியைத் திறந்து பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்து, தொட்டியைப் பார்த்து, சிவப்புக் கயிற்றைக் காலில் மாட்டினாள். பலகை கிரீச்சிட்டது. நிமிர்ந்தாள். கணவன் நின்றுகொண்டிருந்தான். செருப்பைக் கையில் பிடித்திருந்தான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை போல. ஜாக்கெட்டை மாட்டி, இடுப்புப் பட்டையைத் தப்பான ஓட்டையில் போட்டிருந்தான்.

"நானும் வரட்டுமா?" என்றான்.

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவன் கேட்டதே பெரிய விஷயம் என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. சரி என்று சொல்லிவிடலாம் என்றும் சொன்னது.

"இன்னிக்கு வேணாம்" என்றாள். "இன்னிக்கு நான் மட்டும் போறேன்."

அவன் முகம் சுருங்கியது. "கோபமா?"

"இல்ல. தனியாப் போகணும்னு ஆசை. அடுத்த வாரம் வாங்க, பின்னாடி சீட்டுல இடம் இருக்கு."

"என் படகு" என்றான், மெல்ல.

"ஆமா, உங்க படகுதான். பத்து மணிக்குள்ள வந்துடுவேன். வரலைன்னா கொட்டகைக்குப் போன் பண்ணுங்க, நம்பர் அத்தைகிட்ட இருக்கு. இப்ப அந்தக் கயிறை அவிழ்த்து விடுங்க. அது இல்ல, முன்னாடி இருக்கறது."

அவன் பின்கயிற்றின் முடிச்சில் கை வைத்திருந்தான். விட்டுவிட்டு முன்னால் போனான். முடிச்சு இறுகியிருந்தது, குனிந்து நகத்தால் நெம்பினான். அவள் எஞ்சினை நியூட்ரலில் வைத்து, காத்திருந்தாள். முடிச்சு அவிழ்ந்ததும் கயிற்றைச் சுருட்டி அவளிடம் நீட்டினான். பின்கயிற்றை அவளே எடுத்தாள். படகின் மூக்கு துறையை விட்டு மெல்ல விலகியது.

துறையின் எல்லை காட்டும் மிதவைகளைத் தாண்டும்வரை நடை வேகத்திலேயே போனாள். தாண்டியதும் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். துறையில் அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். முன்னால் யாருமில்லை. கறுப்புப் பிடியை மெல்ல முன்னே தள்ளினாள். படகு நிமிர்ந்து, பிறகு தணிந்து, ஓட ஆரம்பித்தது.